இடது பக்கத்துக்கு ஆள் தேவை

தோருன் நகரத்து டிராம் ஓட்டுநர்களில் லுத்சீனாவுக்கு மட்டும் ஒலிபெருக்கி தேவையில்லை என்பார்கள். கதவை அடைத்துக்கொண்டு நிற்பவர்களை நகர்த்த மற்ற ஓட்டுநர்கள் பொத்தானை அமுக்கிப் பதிவு செய்த குரலைப் போடுவார்கள். லுத்சீனா தன் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தபடியே ஒரு சத்தம் போடுவாள். "உள்ள போங்க, உள்ள! வாசல்ல என்ன கல்யாண விருந்தா நடக்குது?" பின்பெட்டியில் இருப்பவர்கள்கூட ஓரடி நகர்ந்து நின்றுகொள்வார்கள்.

மனசுக்கும் வாய்க்கும் நடுவில் அவளுக்கு ஒரு நிறுத்தம்கூடக் கிடையாது என்று கணவன் ரோமெக் சொல்வான். குறையாகச் சொல்கிறானா பெருமையாகச் சொல்கிறானா என்று முப்பது வருடமாக அவளுக்கும் தெரியவில்லை.

அந்த வாய் ஒரே ஒரு முறைதான் அடைத்துப்போனது. ஐம்பத்திரண்டாம் வயதில், புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தபோது. விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. ரோமெக் ஜாடியில் கொண்டு வந்த கோழி சூப் ஆறி, மேலே கொழுப்பு ஏடாகப் படிந்தது. டாக்டர் பேசினார், மகள் தொலைபேசியில் பேசினாள், லுத்சீனா கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அப்போதுதான் யத்விகா வந்தாள். கருநீலக் கோட்டு, உதட்டுச் சாயம், குதிகால் உயர்ந்த செருப்பு. வார்டுக்கு வந்தவள் மாதிரியே இல்லை, நாடகம் பார்க்கப் போகிற வழியில் நுழைந்தவள் மாதிரி இருந்தாள். பெண்களை மரியாதையாக அழைக்கும் 'பானி' என்ற சொல்லோடு ஆரம்பித்தாள்.

"வணக்கம், பானி லுத்சீனா. அமசோன்கள் சங்கத்துலேருந்து வர்றேன். எனக்கும் ஒண்ணு கிடையாது. எதுன்னு சொல்லுங்க, பாப்போம்."

மார்பு போன பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. ஒற்றை மார்போடு வில் பிடித்ததாகச் சொல்லப்படும் பழங்கதைப் பெண்களின் பெயரை வைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக அறுவை செய்துகொண்டவளின் கட்டிலுக்கு நன்றாக உடுத்திக்கொண்டு போய் நிற்பது, இந்தக் கேள்வியைக் கேட்பது, பெரும்பாலும் தப்பாகச் சொல்ல வைப்பது அவர்கள் வழக்கம்.

லுத்சீனா தலையைத் திருப்பி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"வலது."

"இடது," என்றாள் யத்விகா, சீட்டாட்டத்தில் ஜெயித்தவள் போல.

லுத்சீனாவின் கண் யத்விகாவின் கோட்டில் நின்றது. பிறகு அவள் வாய் திறந்தது. "அந்தக் கோட்டை யாரு தைச்சது?"

அன்றைக்குச் சூப்பைச் சூடாக்கித் தரச் சொல்லி நர்ஸிடம் சண்டை போட்டாளாம்.

சிகிச்சை எல்லாம் முடிந்து, சங்கம் விதித்த இரண்டு வருடத்தையும் பொறுத்திருந்து, பயிற்சியும் முடித்துக்கொண்டு லுத்சீனா தானே வார்டுக்குப் போகிறவளானாள். பச்சை நிறத்தில் ஒரு சூட் தைத்துக்கொண்டாள். ஒவ்வொரு புதன்கிழமையும் அதைப் போட்டுக்கொண்டு, அறுவை ஆனவர்கள் அக்குளில் இடுக்கிக்கொள்வதற்காகச் சங்கத்துப் பெண்கள் தைத்துத் தரும் இதய வடிவத் தலையணைகளைப் பையில் நிரப்பிக்கொண்டு கிளம்புவாள். "டிராம் சம்பளத்துக்கு. புதன்கிழமை எனக்கு," என்பாள். உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கான் மார்புக்கு அவள் வைத்த பெயர் 'வாடகைக்காரி'. "வெயில் காலத்துல என் வாடகைக்காரிக்கு இருப்பே கொள்ளாது. அன்னைக்கு டிராமைத் திருப்பறேன், இவ முதுகுப் பக்கம் குடி போயிட்டா!" என்று சொல்லும்போது, தையல் வலிக்க வலிக்கச் சிரிக்காத பெண் அந்த வார்டில் குறைவு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் படகு வந்தது.

முன்னாள் படகுப் போட்டிக்காரரான ஸெவெரின் என்ற கிழவர், முன்நுனியில் டிராகன் முகம் வைத்த ஒரு நீளப் படகைச் சங்கத்துக்குக் கொடுத்தார். பத்துப் பேர் துடுப்புப் போடலாம். முன்னால் ஒருத்தி முரசு அடிக்க வேண்டும். அந்த வேலையை ஆள் சிறுத்து வாய் பெருத்த ஒத்திலியா எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்று ஸெவெரின் திசை திருப்புவார். அறுவைக்குப் பிறகு கை வீங்காமல் இருக்கத் துடுப்புப் போடுவது நல்லது என்று உடற்பயிற்சி ஆசிரியை சொல்லிவிட்டாள், ஆனால் ஒரு விதியும் போட்டாள். அறுவை நடந்த பக்கத்துக் கை தண்ணீரை இழுக்கக் கூடாது, துடுப்பின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டால் போதும். அப்படிப் பார்த்தால் இடது மார்பு போனவள் படகின் வலது ஓரத்தில் உட்கார வேண்டும், வலது போனவள் இடது ஓரத்தில்.

உட்கார்ந்து பார்த்தார்கள். சங்கத்தில் எங்கே திரும்பினாலும் இடதுக்காரிகள்தான். வலது ஓரத்தில் ஐந்து பேர் உட்கார்ந்தது போக, மிச்சப் பேர் கரையில் முறை வரக் காத்திருந்தார்கள். இடது ஓரத்தில் நாலே பேர். படகு வலது பக்கம் சாய்ந்துகொண்டு விஸ்துலா ஆற்றில் வட்டம் போட்டது.

"ஆண்டவன் கண்ணை மூடிக்கிட்டே இடது பக்கமா எடுத்திருக்கான்," என்றாள் ஒத்திலியா.

காலி இடத்தில் ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டினார்கள். அதற்கு மணலம்மா என்று பெயர். "இந்தப் படகுல நான் சொல்றதைக் கேக்கற ஒரே பொம்பளை மணலம்மாதான்," என்று ஒத்திலியா முரசைத் தட்டுவாள். ஜூன் மாதத்தில் எல்லா ஊர்ச் சங்கங்களும் கூடும் போட்டி. அதற்குள் வலது பக்கம் போன ஒருத்தி கிடைக்க மாட்டாளா என்று வியாழக்கிழமைக் கூட்டங்களில் கேக்கைத் தின்றுகொண்டே பேசிக்கொள்வார்கள். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் நெஞ்சு பதறியிருக்கும். அவர்களுக்கு அது வெறும் படகுக் கவலை.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஜன்னலோரக் கட்டிலில் ஒரு புதுப்பெண் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஆண்பிள்ளை போல வெட்டிய முடி. பெயர் எவெலினா.

"வணக்கம். நான் லுத்சீனா, அமசோன்கள் சங்கம்."

"நர்ஸ் சொன்னாங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போங்க. தூக்கம் வருது."

"தூங்கலாம், தூக்கம் எங்க போகுது. என்னைக் கொஞ்சம் பாருங்க. எனக்கும் ஒண்ணு கிடையாது. எதுன்னு சொல்லுங்க."

எவெலினா ஒரு கண நேரம்தான் பார்த்தாள். "இடது. அந்தத் தோள் ஒரு இழை இறங்கி இருக்கு."

லுத்சீனாவுக்கு வாய் பிளந்தது. "அடேயப்பா! இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படி அடிச்சுச் சொன்னதில்ல. கண்ணா அது, எக்ஸ்ரே மெஷினா?"

"கார் ஓட்டச் சொல்லித்தர்றேன். பக்கத்துல உட்காந்திருக்கறவன் எந்தப் பக்கம் திருப்பப் போறான்னு அவனுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்." அவள் குரலில் லேசாக ஒரு உயிர் வந்திருந்தது. அதை லுத்சீனா கவனித்தாள், சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டாள்.

"உங்களுக்கு எது?"

"வலது."

"வலதா!" லுத்சீனா இரண்டு கையையும் சேர்த்துப் பலமாகத் தட்டினாள். "வலதா! மாதாவே, ஒரு வருஷமா ஒரு வலதுக்குத்தானே தவம் கிடக்கறோம்!"

பக்கத்துக் கட்டிலில் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது. லுத்சீனா தன் கைகளைப் பார்த்தாள். அவை இன்னும் சேர்ந்தே இருந்தன.

"சந்தோஷமா இருக்கா உங்களுக்கு?" என்றாள் எவெலினா.

"ஐயோ, இல்ல... அது வந்து, படகு... எங்ககிட்ட ஒரு படகு இருக்கு, அதுல இடது பக்கம்..."

"வெளிய போங்க."

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நர்ஸ்!"

லுத்சீனா கதவை நோக்கி நடந்தாள். கட்டிலில் அவள் வைத்திருந்த இதயத் தலையணை அவளுக்குப் பின்னாலேயே பறந்து வந்து பிடரியில் மோதியது. எவெலினா இடது கையால்தான் எறிந்தாள், ஆனால் குறி தப்பவில்லை.

மறுநாள் கூட்டத்தில் கசகசா கேக்கை யாரும் தொடவில்லை. சங்கத் தலைவி யத்விகா அந்தக் காலத்து வேதியியல் டீச்சர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவாள். அன்றைக்குச் சன்னமாகப் பேசினாள்.

"லுத்சீனா, உன்னைக் கொண்டு வந்தவ நான். அதனால நானே சொல்றேன். உன் வார்டு அட்டையைக் கொடு. இனி நீ வார்டுக்குப் போகக் கூடாது. அந்தப் பொண்ணு தானா வந்து உன்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னா அப்ப பாக்கலாம். நீ அவளைத் தேடிப் போகவும் கூடாது. அது விதி, உனக்கே தெரியும்."

லுத்சீனாவுக்குத் தெரியும். அவளே புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"நாமளும்தான்டி எல்லாரும் வலது வலதுன்னு பாடிக்கிட்டு இருந்தோம்," என்று முனகினாள் ஒத்திலியா.

"வார்டுல போய்ப் பாடல," என்றாள் யத்விகா.

வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே லுத்சீனா அழுதாள். வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

"போய் ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வாயேன்," என்றான் ரோமெக்.

"கூப்பிடாத வீட்டு வாசல்ல போய் நின்னு கேட்டா அது மன்னிப்பா? அது இன்னொரு தொல்லை. அவ கதவைத் திறக்கணும், என் முகத்தைப் பாக்கணும், என்னை வேற சமாதானப்படுத்தணும். அவளே உடம்பு முடியாம கிடக்கறா."

"அப்ப புதன்கிழமை என்ன பண்ணுவ?"

புதன்கிழமைகளில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். டிராமில் குரல் குறைந்துபோனது. உடம்பு சரியில்லையா என்று ரூபின்கோவோ நிறுத்தத்தில் ஏறும் பயணிகள் விசாரித்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

ஜூன் போட்டிக்கு மணலம்மாவோடு போனார்கள். கடைசிக்கு முந்தின இடம். மூட்டை தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப் போனதில் இந்தத் தடவை படகு இடது பக்கம் சாய்ந்தது. கரையில் வெள்ளரி ஊறுகாயும் சுட்ட சாஸேஜும் தின்றுகொண்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லுத்சீனாவும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக.

ஜூலை கடைசியில், நல்ல வெயில் நாளில், சந்திப்பு ஒன்றில் டிராமுக்குக் குறுக்கே ஒரு கார் நின்றுவிட்டது. கூரை மேல் 'எல்' பலகை. ஓட்டுநர் இருக்கையில் கருப்பு அங்கி போட்ட ஓர் இளம் பாதிரியார், வியர்த்துக் கொட்டச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். லுத்சீனாவின் கை பழக்கத்தில் மணிக்குப் போனது. அப்போது பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். தலையில் கட்டிய மஞ்சள் துணி, அதற்குக் கீழே புருவம் உதிர்ந்த முகம். எவெலினா.

கையை இழுத்துக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, மணி அடிங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"சாமியாரைப் பாத்து எப்படிய்யா அடிக்கறது?" என்றார் இன்னொருவர்.

காருக்கு உயிர் வரவில்லை. எவெலினா கதவைத் திறந்து இறங்கினாள். மெதுவாக, நேராக டிராமிடம் வந்து ஓட்டுநர் ஜன்னலைத் தட்டினாள். லுத்சீனா திறந்தாள்.

"ஏன் மணி அடிக்கல?"

"அவசரம் ஒண்ணும் இல்ல, பானி எவெலினா. மெல்ல எடுக்கட்டும்."

"இந்த ஊர்ல எந்த டிராம் மெல்ல எடுக்கட்டும்னு நின்னிருக்கு? மணிச் சத்தம் பழகணும்னுதானே அவரை இங்க கூட்டிட்டு வந்தேன். நீங்க பாவம் பாத்துக்கிட்டு உட்காந்திருந்தா அவர் எப்ப கத்துக்கறது?"

"நான் அவரைப் பாத்துப் பாவப்படல."

"தெரியும். என்னைப் பாத்து." எவெலினா தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "எல்லாரும் அதையேதான் பண்றாங்க. கடையில வரிசையில முன்னாடி விடறாங்க, மச்சினி குரலைத் தாழ்த்திப் பேசறா, நீங்களுமா? அடிங்க."

லுத்சீனா அடித்தாள். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த மணியில் இறங்கியது. புறாக்கள் பறந்தன. பாதிரியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே சாவியைத் திருக, கார் முயல் மாதிரி ஒரு துள்ளல் துள்ளித் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் நின்றது. டிராமுக்குள் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா? வண்டி எடுத்துட்டார்."

"பானி எவெலினா, அன்னைக்கு வார்டுல..."

"டிராமை எடுங்க. உங்களுக்குப் பின்னாடி இன்னொண்ணு நிக்குது."

அது மன்னிப்பா, போக்குவரத்துப் பாடமா என்று ரோமெக்கிடம் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியலையே. ஆனா இன்னைக்குத்தான் நீ பழையபடி கத்தறே," என்றான் அவன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, சங்கத்து அறைக் கதவை எவெலினா தட்டாமல் திறந்தாள். தலையில் துணி இல்லை. நரையும் கருப்புமாகப் புல் போல முடி முளைத்திருந்தது.

"தலைவி யாரு? ஒரு புகார் கொடுக்கணும்."

யத்விகா எழுந்து நின்றாள். மூலையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த லுத்சீனாவின் கையிலிருந்து ஒன்று தொட்டிக்குள் நழுவியது.

"தெரியும், பானி எவெலினா. உங்களுக்கு நடந்ததுக்கு ரொம்ப வருந்தறோம். அந்த அம்மாவை அப்பவே நிறுத்திட்டோம்."

"அதுதான் புகார்."

யாருக்கும் புரியவில்லை. எவெலினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மருந்து ஏத்திக்க வார்டுக்குப் போகும்போதெல்லாம் பாத்தேன். பச்சை சூட்டு அம்மா எங்கன்னு நர்ஸைக் கேட்டேன். உங்களாலதான் அவங்களை எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. என்னாலயா? என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்காகன்னு சொல்லி, என்னைக் கேக்காமயே ஒருத்தருக்குத் தண்டனை! என் உடம்பு விஷயத்துலதான் எல்லாரும் எனக்காக முடிவு பண்றாங்கன்னா, என் கோபத்தையுமா?"

"நீங்க தலையணையை வீசினீங்களே," என்றாள் யத்விகா மெதுவாக.

"வீசினேன். நல்லா வீசினேன். அறைஞ்சிருப்பேன், எழுந்திருக்க முடியல." அவள் திரும்பி லுத்சீனாவைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போய் ஒரு மாசம் நினைச்சு நினைச்சுக் கொதிச்சேன். அப்புறம் ஒரு நாள் பல் விளக்கும்போது சிரிப்பு வந்துடுச்சு. அந்த ஆஸ்பத்திரியில என்னைப் பாத்த அத்தனை பேரும் உதட்டைப் பிதுக்கினாங்க. ஒரே ஒருத்திதான் லாட்டரி விழுந்த மாதிரி கை தட்டினா!"

ஒத்திலியா முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. லுத்சீனா மட்டும் சோப்பு நுரைக் கையோடு நின்றாள்.

"பேசுடி! பேச வேண்டிய நேரத்துல ஊமையாயிட்டா பாரு!" என்றாள் ஒத்திலியா.

"மன்னிச்சிடுங்க," என்றாள் லுத்சீனா. அவ்வளவுதான் வந்தது. டிராம் முழுக்கக் கேட்கிற குரல் அன்றைக்கு இரண்டு நாற்காலி தாண்டவில்லை.

"சரி. மன்னிச்சாச்சு. பானி, வாங்க, போங்கன்னு எல்லாம் சொல்லாதே, எவெலினான்னே கூப்பிடு. இப்ப அந்தப் படகைக் காட்டு. யாருக்குப் பதிலா நான் உட்காரணும்?"

"மணலம்மாவுக்குப் பதிலா."

"அவங்க யாரு?"

சொன்னார்கள். எவெலினா கையைக் கட்டிக்கொண்டாள். "அப்ப நான் ஒரு மூட்டைக்குச் சமம்."

"மூட்டை தண்ணியில ஊறினா உன்னைவிடக் கனம்," என்றாள் ஒத்திலியா.

வசந்தம் வரும் வரை துடுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த ஞாயிறே எவெலினா படகில் ஏறி, பின்னால் ஸெவெரினின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். கரையை விட்டு நகர்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"பின்னாடி பாக்காம திருப்பறீங்களே! கண்ணாடியைப் பாருங்க!"

"படகுல ஏதும்மா கண்ணாடி?" என்றார் கிழவர்.

"அப்ப கழுத்தைத் திருப்புங்க! அதோ ஒரு வாத்து வருது, அதுக்குத்தான் முன்னுரிமை!"

அவளுடைய இடத்தில் அன்றைக்கும் மணலம்மாதான் இருந்தாள். படகு ஏறக்குறைய நேராகப் போயிற்று.

அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது யத்விகா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வார்டுக்குள் இருக்கும் வரை லுத்சீனா இரண்டு கையையும் கோட்டுப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். அவள் சிரிக்காமல் சொன்னதால் லுத்சீனாவும் சிரிக்காமல் ஒப்புக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை பச்சை சூட்டுக்கு மேலே கோட்டையும் போட்டுக்கொண்டு போனாள். வார்டில் கணகணப்பு அதிகம். நெற்றி வியர்த்தது, கழுத்து வியர்த்தது, வாடகைக்காரி முறுக்கிக்கொண்டாள். ஆனாலும் கை பையை விட்டு வரவில்லை. தலையணைப் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு வயதான பெண்ணின் கட்டிலருகே போய் நின்றாள்.

அந்தப் பெண் முதலில் கண்ணை மட்டும் திருப்பினாள். பிறகு தலையை. இந்தப் புழுக்கத்தில் கோட்டு மாட்டி, கையைப் பைக்குள் திணித்து, கோழி மாதிரி இரண்டு முழங்கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியை அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"என்ன அம்மா, குளுருதா உங்களுக்கு?"

"இல்ல, வேகுது."

"பின்ன கையை வெளிய எடுக்கறதுதானே?"

"எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"யாரு போட்டது?"

"அது பெரிய கதை," என்றாள் லுத்சீனா.

கிழவி ஒரு கையை ஊன்றி, குழாயை ஒதுக்கிவிட்டு, மெல்ல எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காலால் லுத்சீனா பக்கம் தள்ளினாள்.

"உட்காந்து சொல்லுங்க," என்றாள்.